பழைய கணினியில் ஒரு வீட்டு வெப் சர்வர்: குறைந்த மின்சாரத்தில் ஓட்டுவது எப்படி?

உலகின் முதல் வெப் சர்வர் ஒரு மேசைக் கணினியில்தான் ஓடியது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1990-ம் ஆண்டின் இறுதியில், டிம் பெர்னர்ஸ்-லீ தன்னுடைய நெக்ஸ்ட் கணினியில் அதை ஓட்டினார். இது ஒரு சர்வர், அணைக்காதீர்கள் என்ற பொருளில் சிவப்பு மையில் எழுதிய சீட்டு ஒன்றை அந்தப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கணினியின் ப்ராசஸர் வேகம் வெறும் 25 மெகாஹெர்ட்ஸ். இன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் மிகப் பழைய லேப்டாப்புகூட அதைவிடப் பல மடங்கு வேகமானது.

அப்படியானால் அந்த லேப்டாப்பில் உங்கள் சொந்த இணையதளத்தை ஓட்ட முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் சர்வர் என்றால் இரவும் பகலும் ஓட வேண்டும். ‘ஓடுமா’ என்பதைவிட ‘ஓடுவதற்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கும்’ என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் சுற்றியே போகிறது.

வெப் சர்வர் என்ன செய்கிறது?

சர்வர் என்ற சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். கணினியையும் சர்வர் என்கிறோம், அதில் ஓடும் மென்பொருளையும் சர்வர் என்கிறோம். மென்பொருளின் வேலை மிக எளிது. யாரோ ஒருவர் தன் பிரௌசரில் உங்கள் தள முகவரியைத் தட்டுகிறார். பிரௌசர் இணையம் வழியாக உங்கள் கணினிக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது: ‘இந்தப் பக்கம் வேண்டும்.’ சர்வர் மென்பொருள் டிஸ்கில் இருந்து அந்தக் கோப்பை எடுத்து அனுப்புகிறது. அவ்வளவுதான். அப்புறம் அடுத்த கோரிக்கைக்காகக் காத்திருக்கிறது.

கோரிக்கைகள் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதற்கு எண்கள் உண்டு. போர்ட் என்பார்கள். சாதாரண வெப் பக்கங்களுக்கு 80, பூட்டுச் சின்னம் காட்டும் பாதுகாப்பான பக்கங்களுக்கு 443. இந்த இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பின்னால் தேவைப்படும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் தளத்தில் ஒரு நாளைக்கு 1000 முறை பக்கங்கள் பார்க்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தளத்துக்கு இது நல்ல எண்ணிக்கை. ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுக்க ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு ஆகிறது என்று தாராளமாகவே வைப்போம். நாள் முழுக்கச் சேர்த்து வேலை 10 விநாடி. ஒரு நாளில் 86,400 விநாடிகள். மீதி 86,390 விநாடிகளும் அந்தக் கணினி சும்மா இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா முடிவுகளும் எளிதாகிவிடும். கணினி வாங்கும்போது எவ்வளவு வேகம் என்று பார்த்தே பழகிவிட்டோம். சர்வருக்குப் பார்க்க வேண்டியது, சும்மா இருக்கும்போது எத்தனை வாட் எடுக்கிறது என்பதை.

சும்மா இருப்பதற்கு எத்தனை யூனிட்?

1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சும்மா இருக்கும்போது 60 வாட் எடுக்கும் ஒரு பழைய மேசைக் கணினியை நாள் முழுக்க ஓட்டினால் 1.44 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள், வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 60 நாளில் இந்த ஒரு கணினி மட்டும் 86.4 யூனிட் எடுத்துவிடும். இலவச யூனிட்டில் பெரும்பகுதி சர்வருக்கே போய்விடும். அது மட்டுமில்லை, நம் கட்டண முறையில் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். ஏற்கெனவே பிரிட்ஜ், ஏசி என்று ஓடும் வீட்டில் இந்த 86 யூனிட்டும் உச்சிப் படியில் போய்ச் சேரும்.

இதே வேலையை 10 வாட் எடுக்கும் ஒரு லேப்டாப் செய்தால், 60 நாளுக்கு 14.4 யூனிட். வருடக் கணக்கில் பார்த்தால் முன்னது சுமார் 525 யூனிட், பின்னது சுமார் 88 யூனிட். தளத்தைப் பார்க்க வருபவருக்கு இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

எந்தக் கணினி எவ்வளவு எடுக்கும்? 2000-களில் வந்த பென்டியம் 4 ப்ராசஸர் காலத்துப் பெட்டிகளை இதற்குத் தொடவே வேண்டாம். 2004-ல் வந்த பிரெஸ்காட் வகை ப்ராசஸர்களில் சிலவற்றின் வெப்ப அளவு 115 வாட் வரை போனது. சும்மா இருக்கும்போதும் அவை சூடாகத்தான் இருக்கும். 2006-ல் வந்த கோர் 2 டுவோ மிகப் பெரிய முன்னேற்றம், ஆனாலும் அந்த மேசைக் கணினிகள் மொத்தமாக 40 முதல் 60 வாட் வரை எடுப்பது சகஜம். 2013 வாக்கில் இருந்து சும்மா இருக்கும் நேரத்து மின்செலவு நன்றாகக் குறைந்துவிட்டது. லேப்டாப்புகள் எப்போதுமே பேட்டரியை மனதில் வைத்துச் செய்யப்படுபவை, திரையை அணைத்துவிட்டால் பழைய மாடல்கள்கூட 8 முதல் 15 வாட்டுக்குள் அடங்கிவிடும். அலுவலகங்கள் கழித்துவிடும் கையடக்க மேசைக் கணினிகளும் இதே அளவுதான் எடுக்கும். டெல், ஹெச்பி, லெனோவா மூன்றுமே இந்த வகையைச் செய்கின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் பழைய சரக்கில் இவை கிடைக்கும்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட கணினிகள் நிறைய. அவற்றில் பெரும்பாலானவை 2012 முதல் 2017 வரை வந்தவை. சர்வருக்கு அவை அருமையான வயது. தூக்கிப் போட மனம் வராதவர்கள் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள்.

அளந்து பார்த்துவிடுங்கள்

மேலே சொன்ன எண்கள் பொதுவானவை. உங்கள் கணினியின் எண்ணை நீங்களே அளப்பதுதான் சரி. பிளக்குக்கும் கணினிக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர்கள் கிடைக்கின்றன. வாங்க விருப்பமில்லை என்றால், வீட்டு மின்மீட்டரே போதும்.

மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. அதாவது 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், பிரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் சேர்த்து. கணினியை மட்டும் ஓடவிட்டு, இரண்டு சிமிட்டல்களுக்கு நடுவே எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். 1125-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் வருவது வாட். 56 விநாடி என்றால் 20 வாட். 19 விநாடி என்றால் கிட்டத்தட்ட 60 வாட். மீட்டரில் 1600 என்று இருந்தால் 1125-க்குப் பதில் 2250. ஒரு சிமிட்டலை நம்பாமல் நாலைந்து இடைவெளிகளின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது கணினியைத் தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ஆன் செய்து ஐந்து நிமிடம் கழித்து, அது அடங்கிய பிறகு அளந்தால்தான் உண்மையான எண் தெரியும்.

20 வாட்டுக்குள் இருந்தால் கவலையே இல்லை. 40-ஐத் தாண்டினால் யோசியுங்கள். 40 வாட் பெட்டியை மூன்று நான்கு வருடம் ஓட்டும் மின்கட்டணத்தில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை வாங்கிவிடலாம், அது ஐந்து வாட்டுக்குக் கீழேயே இதே வேலையைச் செய்யும். பழையது என்பதற்காகவே ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை.

லேப்டாப் ஏன் முதல் தேர்வு?

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்புகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. பலவற்றில் விண்டோஸோடு, அதற்கு மாற்றான லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகையான பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். விசைப்பலகையில் நாலு எழுத்து வேலை செய்யாது, திரையில் கோடு விழும், ஸ்பீக்கர் கரகரக்கும். சர்வருக்கு இவை எதுவுமே தேவையில்லை. நிறுவும் நாளில் ஒரு யுஎஸ்பி விசைப்பலகையும் வெளித்திரையும் இருந்தால் போதும், அதற்குப் பிறகு வேறு கணினியில் இருந்தே எல்லாவற்றையும் இயக்கலாம்.

பேட்டரி கொஞ்சம் உயிரோடு இருந்தால் அதுவே யுபிஎஸ். அரை மணி நேரம் தாங்கினால்கூட நம் ஊர் மின்வெட்டுகளில் பாதியைக் கடந்துவிடும். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. லித்தியம் பேட்டரியை எப்போதும் 100 சதவீதத்தில், வெப்பமான இடத்தில் வைத்திருந்தால் அது உப்பக்கூடும். சில லேப்டாப்புகளில், குறிப்பாகத் திங்க்பேட் வகையில், 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாமல் நிறுத்தி வைக்கலாம். அந்த வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிப்பகுதி சமமாக உட்காரவில்லை என்றாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். உடனே அணைத்துக் கழற்றிவிடுங்கள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. பெரும்பாலான பழைய லேப்டாப்புகள் பேட்டரி இல்லாமல் அடாப்டரில் மட்டும் நன்றாக ஓடும்.

மெத்தை, துணி, மூடிய அலமாரி எதுவும் வேண்டாம். காற்றோட்டமுள்ள, தரையில் இருந்து சற்று உயரமான கெட்டியான பரப்பில் வையுங்கள். மூடியை மூடினால் லேப்டாப் தூங்கப் போய்விடும், அது சர்வருக்கு ஆகாது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டி அமைப்புகளில் ‘ஹேண்டில் லிட் ஸ்விட்ச்’ (HandleLidSwitch) என்ற வரியை ‘இக்னோர்’ (ignore) என்று மாற்றினால் மூடிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

மேசைக் கணினி என்றால் தேவையில்லாததையெல்லாம் கழற்றுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு, டிவிடி டிரைவ், கூடுதல் ஹார்ட் டிஸ்க் எல்லாம் போகட்டும். சுழலும் பெரிய ஹார்ட் டிஸ்க் சும்மா சுற்றிக்கொண்டிருக்கவே நாலைந்து வாட் எடுக்கும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் அரை வாட், ஒரு வாட்டோடு நிற்கும், சத்தமும் இல்லை. 120 ஜிபி எஸ்எஸ்டி போதும் போதும் என்கிற அளவுக்குப் போதும்.

பயாஸில் மூன்று விஷயங்கள்

மின்சாரம் போய்த் திரும்பியதும் கணினி தானாக ஆன் ஆக வேண்டும். கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ். பெரும்பாலான மேசைக் கணினிகளில், அதன் மின்சாரப் பிரிவில் இதற்கான அமைப்பு இருக்கும். அடுத்தது, விசைப்பலகை செருகியிருக்காவிட்டால் சில பழைய கணினிகள் ‘எஃப்1 அழுத்துங்கள்’ என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடும். எந்தப் பிழைக்கும் நிற்காதே என்று மாற்றிவிடுங்கள்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி. சிஆர் 2032 என்று கேட்டால் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். பத்து வருடப் பழைய கணினியில் அது பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். செத்துவிட்டால், மின்சாரம் போகும்போதெல்லாம் நீங்கள் செய்த பயாஸ் மாற்றங்கள் மறந்துபோகும். தேதியும் பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எதுவும் செல்லாது என்று கணினி நினைத்துக்கொள்ளும், அப்டேட்டுகள்கூட இறங்காது. காரணம் தெரியாமல் நாள் கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட, தொடங்கும்போதே புது பேட்டரி போட்டுவிடுவது மேல்.

எந்த லினக்ஸ், எந்த சர்வர்?

லினக்ஸில் பல வகைகள் உண்டு, அவற்றில் டெபியன் என்பது என் பரிந்துரை. நிதானமானது, ஆண்டுக்கணக்கில் தொந்தரவு தராதது. நிறுவும்போது எந்தெந்தத் தொகுப்புகள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் டெஸ்க்டாப் சம்பந்தப்பட்ட எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, வேறு கணினியில் இருந்து இதை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரையும் அடிப்படைக் கருவிகளையும் மட்டும் விடுங்கள். வண்ணத்திரை, சாளரங்கள் எதுவும் இருக்காது, கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே. முதலில் பயமாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். 1 ஜிபி ரேம் இருந்தாலே இது தாராளமாக ஓடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல், 32 பிட் என்ற பழைய வகை ப்ராசஸர் உள்ள கணினிகளுக்கான நிறுவி இல்லை. கோர் 2 டுவோ முதலானவை 64 பிட், பிரச்சினை இல்லை. ஆட்டம் என்270 ப்ராசஸர் போட்ட குட்டி நெட்புக்குகள் 32 பிட் மட்டுமே. அவற்றுக்கு ஆல்பைன் லினக்ஸ் இன்னும் கைகொடுக்கிறது.

வெப் சர்வர் மென்பொருளில் என்ஜின்எக்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் எழுதி 2004-ல் வெளியிட்டது. ஒரே நேரத்தில் 10,000 பேரின் இணைப்புகளை ஒரு கணினி எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி அந்தக் காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. அதற்கு முந்தைய பாணியில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு புராசஸையோ திரெட்டையோ, அதாவது நிரலின் ஒரு தனி ஓட்டத்தை, ஒதுக்குவார்கள், ரேம் கரைந்துவிடும். என்ஜின்எக்ஸ் விரல்விட்டு எண்ணக்கூடிய புராசஸ்களை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த இணைப்பில் வேலை வருகிறதோ அதை மட்டும் கவனிக்கிறது. வேலை வராதபோது ப்ராசஸரைத் தூங்கவிடுகிறது. பெரிய நிறுவனங்களின் நெரிசலுக்காகப் பிறந்த இந்த யோசனை, 1 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்புக்கும் அப்படியே பொருந்துகிறது.

புதிதாகத் தொடங்குபவருக்கு கேடி (Caddy) என்ற சர்வரும் நல்ல தேர்வு. பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழை அதுவே வாங்கி, அதுவே புதுப்பித்துக்கொள்ளும்.

பக்கங்கள் இலகுவாக இருக்கட்டும்

வேர்ட்பிரஸ் போன்றவற்றில் ஒருவர் பக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் பிஹெச்பி மொழியில் எழுதிய நிரல் ஓடி, டேட்டாபேஸில் தேடி, அந்த நிமிடத்தில் பக்கத்தைச் சமைத்துத் தருகிறது. ஸ்டேட்டிக் தளத்தில் பக்கங்கள் முன்கூட்டியே தயாராகக் கோப்புகளாக இருக்கும், எடுத்துக் கொடுப்பது மட்டுமே வேலை. எழுதியதைத் தயார்ப் பக்கங்களாக்கித் தரும் ஹியூகோ போன்ற கருவியை நீங்கள் தினமும் புழங்கும் கணினியில் வைத்துக்கொண்டு, அங்கே எழுதி, உருவான கோப்புகளை மட்டும் சர்வருக்கு நகலெடுத்துவிடலாம். பழைய கணினிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பாதுகாப்பும் கூடுதல், ஏனென்றால் உடைத்து உள்ளே வர அங்கே டேட்டாபேஸும் இல்லை, லாகின் பக்கமும் இல்லை.

தமிழில் எழுதுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், அதிலும் ‘கி’ போன்ற உயிர்மெய் இரண்டு குறியீடுகள், ஆக ஆறு பைட். 1000 சொற்கள் கொண்ட தமிழ்க் கட்டுரை ஏறத்தாழ 25 கேபி வரும். இதற்காகக் கவலைப்பட வேண்டாம். தமிழ்க் குறியீடுகளின் பைட்டுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதால், என்ஜின்எக்ஸில் ஜிஜிப் சுருக்கத்தை இயக்கினால் அது பல மடங்கு சுருங்கிவிடும். உண்மையான சுமை படங்களில்தான். போனில் எடுத்த ஒரு படம் 3 எம்பி, 4 எம்பி. அதாவது நூறு கட்டுரைகளுக்கு மேல். படங்களை 100 கேபிக்குள் சுருக்கிப் போடுங்கள். தமிழ் எழுத்துருவையும் தனியாக ஏற்ற வேண்டியதில்லை, இன்றைய போன்கள் எல்லாவற்றிலும் தமிழ் எழுத்துரு இருக்கிறது.

இந்தச் சிக்கனத்தை எல்லைவரை கொண்டுபோனவர்கள் பார்சிலோனாவில் இருக்கிறார்கள். லோ-டெக் மேகசின் என்ற இணைய இதழ் 2018-ல் தன் தளத்தின் ஒரு பதிப்பை வீட்டு பால்கனியில் வைத்த 50 வாட் சோலார் பலகையில் ஓட்டத் தொடங்கியது. அந்தச் சின்ன சர்வர் எடுப்பது 1 முதல் 2.5 வாட். படங்களைப் புள்ளிப் புள்ளியாக்கி மிகவும் சுருக்கிவிட்டார்கள். மேகமூட்டம் நீடித்து பேட்டரி தீர்ந்துவிட்டால் தளம் நின்றுபோகும், வெயில் வந்ததும் திரும்பி வரும். அதை அவர்கள் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டே நடத்துகிறார்கள். வருடம் முழுக்க வெயில் அடிக்கும் நம் ஊரில் இதை முயன்று பார்க்க ஆட்கள் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

வேகத்தைப் பற்றியும் ஒரு வரி. உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 20 மெகாபிட்) என்றால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் விநாடிக்கு 2.5 எம்பி வெளியே போகும். 100 கேபி பக்கம் என்றால் விநாடிக்கு 25 முறை. பழைய கணினி திணறுவதற்கு வெகு முன்னாலேயே இணைப்பு திணறிவிடும்.

வெளியுலகம் வீட்டுக்குள் வருவது எப்படி?

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சர்வரை ரவுட்டருடன் லேன் கேபிளில் இணையுங்கள். வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் ஐபி முகவரி தரும், 192.168.1.20 மாதிரி. அது நாளுக்கு நாள் மாறாமல் இருக்க, ரவுட்டரில் அந்த எண்ணை சர்வருக்கென்றே ஒதுக்கி வையுங்கள். இப்போது வைஃபையில் இருக்கும் போனில் அந்த எண்ணைத் தட்டினால் உங்கள் பக்கம் தெரிய வேண்டும். தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியில் இருப்பவருக்கு உங்கள் ரவுட்டரின் பொது முகவரி தெரிய வேண்டும். 80, 443 ஆகிய போர்ட்டுகளில் வருவதை சர்வருக்கு அனுப்பு என்று ரவுட்டரில் சொல்லி வைக்க வேண்டும். போர்ட் பார்வர்டிங் என்பது இதுதான். பொது முகவரி அவ்வப்போது மாறினால், டக் டிஎன்எஸ் போன்ற இலவசச் சேவைகள் மாறிய முகவரியை உங்கள் தளப் பெயரோடு உடனுக்குடன் இணைத்துவிடும்.

ஆனால் இன்று பல வீட்டு இணைப்புகளுக்குத் தனிப் பொது முகவரியே கிடையாது. ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலகப் பொது இருப்பில் மிச்சமிருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இணைய நிறுவனங்கள் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. சிஜி-நாட் என்று இதற்குப் பெயர். அடுக்குமாடிக் குடியிருப்பின் தெரு முகவரி மட்டும் எழுதி, வீட்டு எண் இல்லாமல் வரும் கடிதத்தின் நிலைமைதான் வெளியில் இருந்து வரும் கோரிக்கைக்கும். கட்டடம் வரை வரும், உங்கள் கதவுக்கு வராது. ரவுட்டரில் எவ்வளவு போர்ட் திறந்தாலும் பயனில்லை.

உங்கள் நிலை என்ன என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ரவுட்டரின் அமைப்புகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்து, வான் ஐபி (WAN IP) என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ நீங்கள் பகிர்வு முகவரியில் இருக்கிறீர்கள்.

அப்போது என்ன செய்வது? நிலையான பொது முகவரியைக் கட்டணத்துக்குத் தரும் நிறுவனங்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. அதில் முகவரிப் பஞ்சமே இல்லை. ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது, போன் டேட்டாவில் வருபவர்களில் பெரும்பாலானோர் உங்களை அப்படியே வந்தடைவார்கள். ஆனால் ஐபிவி6 இல்லாத இணைப்பில் இருப்பவருக்குத் தளம் திறக்காது. மூன்றாவது வழி சுரங்கம். உங்கள் சர்வரே உள்ளிருந்து வெளியே ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, அதைத் திறந்தே வைத்திருக்கும். பார்வையாளர்கள் மறுமுனைக்கு வருவார்கள், அங்கிருந்து அந்த இணைப்பு வழியாகவே உங்கள் சர்வரை அடைவார்கள். கிளவுட்பிளேர் டனல், டெயில்ஸ்கேல் ஃபனல் இரண்டும் இதைச் செய்கின்றன. ரவுட்டரைத் தொடவே வேண்டாம். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதுதான் எளிது. கிளவுட்பிளேர் வழியில் போகும் எல்லாவற்றையும் அந்த நிறுவனத்தால் பார்க்க முடியும் என்பதைத் தெரிந்தே தேர்ந்தெடுங்கள். எல்லோரும் படிக்கும் கட்டுரைகளுக்கு அது பெரிய விஷயமில்லை, அந்தரங்கமான கோப்புகளுக்கு விஷயம்தான். வீட்டு இணைப்பில் சர்வர் வைக்க உங்கள் நிறுவனத்தின் விதிகள் இடம் தருகின்றனவா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டுக்குள் இருந்தபடியே பொது முகவரியைத் தட்டினால் சில ரவுட்டர்கள் அதைச் சரியாகத் திருப்பி அனுப்புவதில்லை. தளம் ஒழுங்காக ஓடும்போதே ஓடவில்லை என்று தோன்றும்.

பூட்டும் காவலும்

பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. வழக்கமான சான்றிதழ் 90 நாள் செல்லும். புதுப்பிப்பதைத் தானியங்கியாக வைத்துவிடுங்கள், கையால் செய்ய நினைத்தால் மறந்துபோகும்.

தளம் வெளியே தெரிய ஆரம்பித்ததும், வரும் கோரிக்கைகளை சர்வர் குறித்து வைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். நீங்கள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள், ஆனாலும் உலகின் எங்கெங்கோ இருந்து தானியங்கி நிரல்கள் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். உங்களிடம் வேர்ட்பிரஸே இல்லாதபோதும் அதன் லாகின் பக்கத்தைக் கேட்கும். உங்களைக் குறிவைத்து வருபவை இல்லை அவை, இணையம் முழுக்க எல்லா முகவரிகளையும் தடவிப் பார்ப்பவை. பயப்படத் தேவையில்லை, ஆனால் அலட்சியம் கூடாது. எஸ்எஸ்ஹெச்சுக்கான 22-ம் போர்ட்டை வெளியே திறக்காதீர்கள், வீட்டுக்குள் இருந்து மட்டும் பயன்படுத்துங்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக்கோப்பு முறைக்கு மாறுங்கள். பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக ஏறும்படி வையுங்கள். அப்புறம், ஆதார் நகல், வங்கிக் கோப்புகள், குடும்பப் படங்கள் எதுவும் அந்தக் கணினியில் இருக்கவே கூடாது. பழைய டிஸ்க்கை முழுவதுமாக அழித்துவிட்டுத்தான் சர்வராக்க வேண்டும்.

மின்வெட்டும் மற்றவையும்

லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. மின்சாரம் போனதும் சர்வர் உயிரோடிருக்கும், ஆனால் யாராலும் அதை அடைய முடியாது. ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் குட்டி யுபிஎஸ்கள் வருகின்றன. பைபர் இணைப்புக்குத் தனிப் பெட்டி இருந்தால் அதையும் சேர்த்து அதில் போடுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இந்தக் கவலை இல்லை.

ஒரு கடையின் விற்பனைத் தளத்தையோ, மற்றவர்களின் மின்னஞ்சலையோ இதில் வைக்காதீர்கள். நள்ளிரவில் நின்றுபோனால் யாருக்காவது நஷ்டம் என்றால், அது வீட்டு சர்வருக்கான வேலை இல்லை. கட்டுரைகள், குடும்ப வரலாறு, ஊர்க் கோயிலைப் பற்றிய குறிப்புகள், மாணவர்களுக்கான பாடங்கள், நீங்கள் எழுதிய நிரல்கள் என்று வைக்க எவ்வளவோ இருக்கிறது.

பழைய கணினி என்றாவது ஒரு நாள் நின்றுபோகும். பக்கங்களின் மூலப் பிரதி நீங்கள் எழுதும் கணினியில் இருக்கிறது, அதில் இழப்பில்லை. சர்வரில் நீங்கள் கையால் மாற்றிய அமைப்புக் கோப்புகளை மட்டும் மாதம் ஒருமுறை தனியாக நகலெடுத்து வையுங்கள். எந்தத் தொகுப்புகளை நிறுவினீர்கள், ரவுட்டரில் என்னென்ன மாற்றினீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், இன்னொரு பழைய லேப்டாப்பை எடுத்து ஒரே மாலையில் தளத்தை மீண்டும் எழுப்பிவிடலாம்.